முயலிடம் தோற்ற நாய்கள்

பாஞ்சாலங்குறிச்சியின் வரலாறு ஒரு நாய்க்கூட்டத்தின் மானம் போன இடத்தில் தொடங்குகிறது. கட்டபொம்மனின் முன்னோர் ஒருவர் வேட்டைக்குப் போனாராம். நாய்கள் ஒரு முயலை விரட்டின. ஓடிக்கொண்டே இருந்த முயல் ஓரிடம் வந்ததும் நின்றது, திரும்பியது, நாய்களை விரட்ட ஆரம்பித்தது. நாய்கள் ஏழு என்பார்கள். சொல்பவரின் தெம்பைப் பொறுத்து அந்தக் கணக்கு ஏறும், இறங்கும். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அசந்துபோய், முயலுக்கே இவ்வளவு வீரம் வருகிறதென்றால் இந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி, அங்கேயே கோட்டையைக் கட்டிவிட்டார்.

முயலுக்குப் பேர் கிடைத்தது. மண்ணுக்குக் கிடைத்தது. கட்டியவர் வம்சத்துக்கு அரசாங்கச் செலவில் நினைவுக்கோட்டையே கிடைத்தது. நாய்களைக் கூப்பிட்டு, "ஏம்லே, என்னலே நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்க மட்டும் ஆளில்லை.

கேட்டிருந்தால் நல்ல பதில் வந்திருக்கும். முயல் நின்று எதிர்க்கிறது என்றால் அதற்கு வெறி பிடித்திருக்கலாம், அல்லது பின்னால் புதரில் பாம்போ சிறுத்தையோ இருக்கலாம். எஜமான் பிடி என்று கத்துகிறார், கண்முன் நடப்பது சரியாயில்லை. அப்போது எஜமான் சொல்லைக் கேட்காமல் நிற்பதுதான் புத்தி. இன்று பார்வையற்றவர்களுக்கு நாய் பழக்கும் பள்ளிகளில் இது தனிப் பாடம். "முன்னே போ" என்று ஆணை வரும். எதிரே லாரி வந்தால் நாய் போகக் கூடாது. புத்தியோடு கீழ்ப்படியாமல் இருப்பது என்று அந்தப் பாடத்துக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அதில் தேறாத நாய்க்கு வழிகாட்டும் வேலை கிடையாது. பாஞ்சாலங்குறிச்சி நாய்கள் முதல் நாளே தேறிவிட்டன. நாம்தான் தப்பாகத் திருத்தி முட்டை போட்டுவிட்டோம்.

இதே முயல் ஹம்பியிலும் நாய்களை விரட்டியிருக்கிறது, விஜயநகரம் எழுந்தது. அகமதாபாத்திலும் விரட்டியிருக்கிறது, சுல்தான் அகமது ஷா பார்த்துவிட்டு நகரம் கட்டினார். சபர்மதிக் கரையிலிருந்து தாமிரபரணிச் சீமை வரைக்கும் நாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தீர்மானம் போட்டிருந்தன என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

நாய்கள் படித்த பாடத்தை மனிதர்கள் படித்தது 1798இல். கலெக்டர் ஜாக்சனுக்குத் தான் கலெக்டரா, நாய் பழக்குபவரா என்பதில் ஒரு குழப்பம் இருந்திருக்கிறது. கிஸ்தி பாக்கி என்று கட்டபொம்மனுக்குக் கடிதம் போட்டார்: ராமநாதபுரத்தில் வந்து பார். சரியென்று கட்டபொம்மன் கிளம்பினால், துரை குற்றாலத்தில் இருக்கிறார். குற்றாலத்துக்குப் போனால் பார்க்க முடியாது, அங்கே வா. அங்கே போனால் இங்கே வா. சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சீமை முழுக்கப் பின்னாலேயே நடத்தினார். ஏறக்குறைய 3 வாரம், சுமார் 400 மைல். கடைசியில் செப்டம்பர் 10ஆம் தேதி வாக்கில் ராமநாதபுரத்தில் சந்திப்பு. முதலில் சொன்ன இடமே அதுதானே, நேராக அங்கேயே உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று கேட்டால், உங்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று அர்த்தம்.

போனவரை உட்காரச் சொல்லவில்லை. 3 மணி நேரம் நிற்க வைத்தே விசாரணை நடந்ததாகக் கட்டபொம்மன் பிறகு கம்பெனிக்கு எழுதி முறையிட்டார். "வா", "இங்கே வா", "நில்" எல்லாம் முடிந்தது. அடுத்து "உட்கார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வரலாறே மாறியிருக்கும். சொல்லவில்லை. கைகலப்பு மூண்டது, லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய ஆள் சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார். சென்னையில் கமிட்டி போட்டு விசாரித்துக் கடைசியில் கம்பெனியே ஜாக்சனைத் தூக்கிவிட்டு லஷிங்டனை உட்கார வைத்தது. இந்தச் சந்திப்பு நமக்கெல்லாம் 1959இல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் குரலில்தான் மனப்பாடம். ஊர் ஊராக அலைந்து கால் வீங்கி வந்த மனிதருக்கு அவ்வளவு மூச்சு இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

மீதிக் கதை தெரிந்ததுதான். 1799 செப்டம்பரில் ஆங்கிலேய அதிகாரி பானர்மேன் படையோடு வந்தார்; அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றுப் புளியமரத்தில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. தம்பிகளைப் பாளையங்கோட்டையில் அடைத்தார்கள். எனக்கு வேண்டிய ஆள் அந்தச் சிறையில்தான் இருக்கிறார்.

ஊமைத்துரை. பெயர் குமாரசாமி. ஊர் அவரைக் குறையைச் சொல்லியே கூப்பிட்டது; கூடவே "துரை" போட்டு ஈடுகட்டிவிட்டது. நெல்லைக்காரன் மரியாதை அப்படித்தான், ஒரு கையால் குட்டி மறு கையால் தடவும். சிலர் திக்குவாய் என்பார்கள். அவரோடு மோதிய ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1830இல் அச்சான தன் ராணுவ நினைவுகளில், அவருக்குக் காதும் கேட்காது பேச்சும் வராது என்றே எழுதுகிறார். உயரம், ஒல்லி, பார்த்தால் நோயாளி போல. ஆனால் அவர் கையசைத்தால் ஒரு சீமையே எழுந்து நின்றது என்றும் எழுதுகிறார். எதிரி எழுதிய நற்சான்றிதழ் என்பதால் கொஞ்சம் நம்பலாம்.

1801 பிப்ரவரி 2ஆம் தேதி சாயங்காலம். பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் துரைசானிகளும் சுமார் இருபது பேர், மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். பெரிய படை சங்கரன்கோவில் பக்கம் முகாமில். சூப் எந்த நிலையில் இருந்தது என்று ஆவணம் இல்லை. சிறைக்குள் காவலை மடக்கிவிட்டு ஊமைத்துரையும் கூட்டாளிகளும் வெளியேறினார்கள். விறகு விற்க வந்தவர்கள் போலக் கட்டுக்குள் ஆயுதம் ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை, திருச்செந்தூர் யாத்திரைக்காரர் வேஷம் என்று இன்னொரு கதை. எதுவானாலும் ராவோடு ராவாக 30 மைல் ஓட்டம். வழியில் இருந்த காவல் சாவடிகளில் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

மெக்காலே படையைத் திரட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சி வாசலில் வந்து நின்றது 9ஆம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு முன் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை அங்கே மறுபடி நிற்கிறது. 6 நாளில் எழுப்பியிருக்கிறார்கள். டெண்டர் இல்லை, பூமி பூஜைக்கு அமைச்சர் தேதி இல்லை, அதனால் சாத்தியமானது. மெக்காலே ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டார். முயலைப் பார்த்துத் திரும்பிய நாய்களைக் கேலி செய்கிறவர்கள் இந்த மேஜரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெல்ஷ் சொல்வதில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம் ஒன்று உண்டு. காது கேளாத, பேச்சு வராத ஒருவர் படைக்கு ஆணையிடுவது எப்படி? ஊமைத்துரை தரையில் கிடக்கும் சில துண்டு வைக்கோலைப் பொறுக்குவார். இடது உள்ளங்கையில் வரிசையாக வைப்பார். அதுதான் கும்பினிப் படை. எப்போது, எந்த நேரம் என்று சில சைகைகள். பிறகு வலது கையால் அந்த வைக்கோலை ஒரே வீச்சில் வழித்துத் தள்ளி, வாயால் விஸ்ஸென்று ஒரு சத்தம் எழுப்புவார். தாக்குதல் உத்தரவு கிடைத்துவிட்டது. அந்த வருஷம் மார்ச் 31ஆம் தேதி கோட்டையில் ஏற முயன்ற ஆங்கிலேயப் படை பலத்த அடி வாங்கித் திரும்பியது. அன்றும் வைக்கோல் வழித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு மனிதருக்கு வாய் இல்லையென்றால் நாலாயிரம் பேர் கண்ணைத் தீட்டிக்கொண்டு அவர் கையைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இதற்குப் பயிற்சி நிலையம் யாரும் நடத்தவில்லை, சான்றிதழும் தரவில்லை. சேவை நாய் என்ற ஏற்பாடு நம் சீமையில் ஏன் முளைக்கவில்லை என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. நாய் செய்ய வேண்டிய வேலையை மனிதர்கள் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

மே 24ஆம் தேதி ஆங்கிலேயத் தளபதி அக்னியூவின் படை கோட்டையைப் பிடித்தது. அன்று நடந்ததையும் வெல்ஷ்தான் சொல்கிறார். பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். மகனுக்கு உயிர் போய்க்கொண்டிருக்கிறது. என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி, அதாவது ஊமைத்துரை, பக்கத்திலேயே காயம்பட்டுக் கிடக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டில் கிடத்துகிறார்கள். கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். உடனே வெள்ளைத் துணியைப் போட்டு மூடி, பிள்ளை அம்மையில் போய்விட்டான் என்று பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் எடுத்த ஓட்டத்தில் பாஞ்சாலங்குறிச்சி நாய்களெல்லாம் வீர பரம்பரையாகிவிட்டன. அந்தத் தாய்க்கு வரலாற்றில் சரியான பெயர்கூட மிஞ்சவில்லை. ஊமைத்துரை அங்கிருந்து போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து, மேலும் ஆறு மாதம் கும்பினிக்குத் தூக்கம் கெடுத்து, 1801 நவம்பர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலேறினார்.

இவ்வளவு அமர்க்களத்தில் நாய்கள் எங்கே போயின என்று கேட்கலாம். ராஜபாளையம் நாய்கள் பாளையக்காரர் பக்கம் நின்று வெள்ளைக்காரன் குதிரைப்படையின் கால்களைக் கடித்துக் குதறின என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், கூடவே நின்று கடித்தவர்கள் போல இருக்கும். நான் மறுப்பதில்லை. நாய் விற்கிறவரிடம் வரலாற்று ஆதாரம் கேட்டால் குட்டிக்கு இன்னும் இரண்டாயிரம் ஏற்றிச் சொல்லுவார்.

அடுத்த காட்சி 1890. அதே பாளையங்கோட்டை. ஊமைத்துரையை அடைத்து வைத்திருந்த கோட்டையில் மிச்சமிருந்த ஒரு மேட்டில் பிறகு மேடை போலீஸ் ஸ்டேஷன் வந்தது. அங்கேதான் அடைத்திருந்தார்கள் என்று காட்டுவார்கள். தப்பித்த இடத்தில் போலீஸ் ஸ்டேஷனை வைத்தது யார் யோசனையோ, ரொம்பப் பிந்திவிட்டது. அதிலிருந்து நடக்கிற தூரத்தில் மிஷனரியான மிஸ் அஸ்க்வித் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மிஸ் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். ஊமைத்துரை ஒரு நூறு வருஷம் பொறுத்திருந்தால் வைக்கோலுக்குப் பதில் முறையான சைகை மொழி படித்து, பத்தாம் வகுப்பும் தேறியிருக்கலாம். பிறகு கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை. கும்பினி பிழைத்தது அவர் பொறுமையில்லாததால்தான் என்று ஒருவன் வாதாடலாம்.

அந்தப் பள்ளிகள் வருவதற்கு முன்னாலும், வந்த பிறகும் பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டியது யார்? பையன்தான். பழைய ஆட்களுக்கு அந்தக் காட்சி கண்ணில் நிற்கும். ஒரு கோல், பின் முனை பெரியவர் கையில், முன் முனை பையன் கையில். பேரனாகவோ, தங்கச்சி மகனாகவோ, எங்கோ தூரத்துச் சொந்தத்தில் தகப்பன் இல்லாத பிள்ளையாகவோ இருப்பான். அவனுக்குக் கண் இரண்டும் நன்றாகத் தெரியும், அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. பார்வையற்றவர் படிக்கப் பாளையங்கோட்டையில் பள்ளி வந்தது. அவர் கோலைப் பிடித்தவன் படிக்கத்தான் வழியில்லை. ஒருவருக்குக் கண் போனால் நம் வீடுகளில் இரண்டு பேருக்கு வாழ்க்கை போகும். இரண்டாவது ஆளைப் பாசக்கார பையன் என்று பாராட்டி அத்தோடு விட்டுவிடுவார்கள்.

இந்தப் பையனை விடுதலை செய்ய ஐரோப்பாவில் ஒரு உலகப் போர் வேண்டியிருந்தது. 1915இலிருந்து விஷவாயு. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கண் போய் ஊர் திரும்பினார்கள். கோல் பிடிக்கப் பையன்கள் கிடைக்கவில்லை, பையன்களும் போர்முனையில் இருந்தார்கள். டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் ஒருநாள் கண் போன சிப்பாய் ஒருவரோடு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார், அவசரமாக யாரோ கூப்பிட, தன் நாயை அந்தச் சிப்பாயிடம் விட்டுவிட்டு ஓடினார், திரும்பி வந்து பார்த்தால் நாய் அவரைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு நடக்கிறது என்று கதை. 1916இல் ஓல்டன்பர்க் ஊரில் முதல் பள்ளி தொடங்கிவிட்டார்கள். டாக்டர் சொல்லி நாய் கேட்டதா, டாக்டர் சொல்லாததால் நாய் செய்ததா? எனக்கு இரண்டாவதுதான் படுகிறது. பாஞ்சாலங்குறிச்சி ரத்தம்.

ஜெர்மனியில் இப்படியொரு பள்ளியைப் பார்த்து வந்து 1927இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார் டோரதி யூஸ்டிஸ் என்ற சீமாட்டி. ஸ்விட்சர்லாந்தில் நாய் பழக்கிக்கொண்டிருந்தவர். கட்டுரையை நாஷ்வில் ஊரில் மோரிஸ் ஃபிராங்க் என்ற பையனுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஆறு வயதில் குதிரை மேல் போகும்போது மரக்கிளை தட்டி ஒரு கண், பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மறு கண். மனிதர் ஒரு கண்ணையாவது பத்திரப்படுத்தியிருக்கலாம் என்று தோன்றும். பதினாறு வயதுப் பையனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். எனக்கும் ஒரு நாய் வேண்டும் என்று எழுதினார், வா என்று பதில் வந்தது.

போனதுதான் விசேஷம். கண் தெரியாத ஆளை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்புவது எப்படி? அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனி அவரைப் பார்சல் போலவே நடத்தியது. கப்பலில் அறையில் வைத்துப் பூட்டு, சாப்பாட்டு நேரத்தில் திற, மறுபடி பூட்டு. போய்ச் சேர்ந்து, ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாயோடு பழகி, அதற்குப் படி (Buddy, அதாவது கூட்டாளி) என்று பெயர் வைத்து, 1928 ஜூனில் நியூயார்க் வந்து இறங்கினார். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, இந்த வெஸ்ட் தெருவைக் கடந்து காட்டு பார்ப்போம் என்றார்கள். லாரிகளும் கார்களும் அலறிக்கொண்டு போகும் அகலமான சாலை. சில அடி நாய் நடக்கும், நிற்கும், பின்வாங்கும், மறுபடி நடக்கும். ஃபிராங்க் தன்னை முழுசாக நாயிடம் விட்டுவிட்டு அக்கரை சேர்ந்தார். யூஸ்டிஸுக்கு ஒரே ஒரு வார்த்தையில் தந்தி போனது: வெற்றி. 1929 ஜனவரியில் நாஷ்வில்லில் முதல் அமெரிக்கப் பள்ளி. 1931இல் இங்கிலாந்தில் வாலசி என்ற ஊரில் நாலு பெண் நாய்களோடு இன்னொன்று.

நம் பக்கம்? இரண்டாம் உலகப் போரில் கண் இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943இல் டேராடூனில் புனித டன்ஸ்டன் நிலையம் வந்தது. அமைத்தவர் கிளூத்தா மெக்கென்சி. முதல் உலகப் போரில் கலிப்போலியில் தானே கண் இழந்தவர். பிரெயில், நெசவு, டைப்ரைட்டிங் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். நாய் மட்டும் பாடத்திட்டத்தில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று ஆராய்ச்சி வேண்டாம். சிப்பாய் ஊர் திரும்பினால் ஸ்டேஷனுக்கே அண்ணன் மகன் ஒருவன் கோலோடு வந்திருப்பான்.

இப்போது மேல்நாட்டில் வேலை பெருகிவிட்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்த சிப்பாய்களுக்கு ராத்திரி கெட்ட கனவு வந்தால் மேலே ஏறி எழுப்பிவிடுகிற நாய், கூட்டத்தில் மூச்சு முட்டினால் ஒட்டி நிற்கிற நாய், சக்கர நாற்காலிக்காரருக்குச் சாவி பொறுக்கிக் கொடுக்கிற நாய். போரில் மனம் காயப்பட்டுத் திரும்பிய சிப்பாய்களையும் நாய்களையும் சேர்த்து வைக்கவே 2021இல் அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள். திருநெல்வேலியிலும் தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் உண்டு, அவரிடம் நாயும் உண்டு. காலை அஞ்சு மணிக்கு அவர் அதை நடக்கக் கூட்டிப் போகிறார், முட்டை அவித்துக் கொடுக்கிறார், உண்ணி எடுக்கிறார், இடி இடித்தால் கட்டிலுக்கடியில் புகுந்ததை வெளியே வரச் சொல்லிக் கெஞ்சுகிறார். கார்கிலில் நின்ற மனிதர். சேவை நடப்பதில் சந்தேகமில்லை, எந்தத் திசையில் என்பதில்தான் வித்தியாசம். அவருக்கு ராத்திரி என்ன கனவு வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நாய்க்குத் தெரிந்திருக்கலாம்.

சரி, நம் நாய்களையே பழக்கினால் என்ன என்று ஆர்வக்காரர்கள் கேட்கிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை. அஞ்சல் துறை 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலையே போட்டது. 2020இல் பிரதமர் வானொலியில் இவற்றின் பெயரைச் சொன்னார். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். அசைகிற எதையும் விடாது. டவுன் ரத வீதியில் நெல்லையப்பரைக் கும்பிட இதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கிளம்பினால், கங்கைகொண்டான் மான் சரணாலயத்தில்தான் போய் நிற்பார். தரிசனம் மானுக்கு. வழிகாட்டும் வேலைக்கு லாப்ரடார் போல யார் வந்தாலும் சரி என்கிற சுபாவம் வேண்டும். நம் நாட்டு நாய்க்கு ஒரு வீடு, ஒரு எஜமான், ஊரில் மற்றவன் எல்லாம் கள்ளன்.

இன்னொரு விஷயம், வழிகாட்டும் நாய் சிக்னல் விளக்கைப் பார்த்துப் போவதில்லை. வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டு, இப்போது கடக்கலாம் என்று முடிவு செய்வது கூட வருபவர்தான்; அது தப்பென்றால் நாய் நிற்கும். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள் பார்ப்போம். நடைபாதை விளிம்பு வந்தால் நிற்கப் பழகிய நாய், விளிம்பே இல்லாத தெருவில் ஜங்ஷனிலிருந்து கிளம்பினால், சுலோசன முதலியார் பாலம் வரைக்கும் எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும். 1843இல் சொந்தக் காசைப் போட்டுத் தாமிரபரணியின் குறுக்கே பாலம் கட்டிய அந்தப் புண்ணியவான், நாய் வந்து நிற்க ஒரு இடமும் விட்டிருக்கலாம். இதற்கு மேல் தெருவுக்கு எட்டு என்று இருக்கும் உள்ளூர்ப் பிரஜைகள். வெளியூர் லாப்ரடார் சேணம் கட்டிக்கொண்டு உத்தியோக மிடுக்கோடு வந்தால், அவர்கள் விசாரிக்காமல் விடுவார்களா? பைரவர் என்று கும்பிட்டு பிஸ்கட் போடுகிற நாமும் கோயில் வாசலில் அதே பைரவரைக் கல்லெடுத்து ஓட்டுகிறவர்கள்தான். சொர்க்க வாசலில் நாய்க்கு அனுமதியில்லை என்று இந்திரன் சொன்னபோது தருமர் நானும் வரவில்லை என்றார். ஓட்டல் வாசலில் அப்படிச் சொன்னால் சரி அண்ணாச்சி, போயிட்டு வாங்க என்பார்கள்.

அரசாங்கம் என்ன செய்திருக்கிறது என்றால், பையனைச் சட்டத்தில் எழுதிவிட்டது. சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கு 2021 முதல் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கும் இல்லை. ரயிலில் சலுகை உண்டு, துணைக்கும் உண்டு. நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். அந்தத் துணைக்கு அன்றைக்கு வேறு வேலை, பள்ளிக்கூடம், பரீட்சை ஏதாவது உண்டா என்ற கட்டம் விண்ணப்பத்தில் இல்லை.

ஒருவேளை பாளையங்கோட்டையில் யாராவது பிடிவாதக்காரர் எங்கிருந்தோ ஒரு நாயைப் பழக்கி வாங்கி வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறார். ரயில்வேயின் பொது விதிப்படி நாய் என்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில் போட வேண்டும். கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பில் ஓர் அறையை மொத்தமாக எடுக்க வேண்டும். இவரிடம் இருப்பது ஸ்லீப்பர் டிக்கெட். இவர் நடுவில் ஒரு பெட்டியில், நாய் ரயிலின் கடைசியில். எழும்பூரில் இறங்கி நாயைத் தேடிப் போக ஒரு பையன் வேண்டும். கோவில்பட்டி தாண்டி டிக்கெட் பரிசோதகர் வருகிறார், சலுகைச் சீட்டைப் புரட்டுகிறார்.

"துணைக்கு யாரும் வரலையா அண்ணாச்சி?"

"வருதுய்யா. பார்சல்ல."